லிங்கன் தொப்பிக்குள் ஒரு சீட்டு

2001 செப்டம்பரில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு குலுக்கல் நடந்தது. மாநிலச் செயலாளர் ஜெஸ்ஸி வைட், ஆபிரகாம் லிங்கன் அணிந்ததைப் போலவே செய்யப்பட்ட உயரமான கறுப்புத் தொப்பிக்குள் கையை விட்டார். உள்ளே இரண்டே சீட்டுகள். ஒன்றில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவரின் பெயர், மற்றதில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரின் பெயர். கையோடு வந்தது மைக்கேல் பிலாண்டிக் என்ற பெயர். சிகாகோவின் முன்னாள் மேயர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1979இல் நகரத்தை மூடிய பனியை அள்ளத் தெரியாதவர் என்று வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிய மனிதர். சீட்டு விழுந்த நாலே மாதத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்தச் சீட்டு, மாநிலச் சட்டமன்றத்தின் தொகுதி எல்லைகளை அடுத்த பத்தாண்டுக்கு யார் வரைவது என்பதைத் தீர்த்துவிட்டது. அப்போது மாநில மேலவையான செனட்டின் எதிர்வரிசையில் ஐந்தாவது ஆண்டாக உட்கார்ந்திருந்த 40 வயது உறுப்பினர் ஒருவரின் போக்கையும் அது மாற்றியது. அவர் பெயர் பராக் ஒபாமா.

ஒபாமாவின் எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் 2004இல் பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுப் பேச்சிலிருந்து தொடங்குவது வழக்கம். பேச்சு பெரியதுதான். அந்த மேடைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவற்றில் ஒரு வரைபடமும் உண்டு என்பதுதான் என் வாதம். அது அவரே உட்கார்ந்து வரைந்த வரைபடம்.

தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்றதும் நம் மனம் எண்ணிக்கைக்குப் போகிறது: மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம், அந்த எண்ணிக்கைக்கு 1976இல் போட்ட பூட்டைத் திறந்தால் யாருக்கு நட்டம். அமெரிக்காவிலும் அந்தக் கணக்கு உண்டு. அங்கே பெரிய சண்டை மூள்வது அதற்கு அடுத்த படியில், கோடு எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதில். இந்தியாவில் அந்தக் கோட்டைப் போடுவது உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமை தாங்கும் ஆணையம். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதில் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்களிக்க முடியாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களேதான். தன் வயலுக்கு வரப்பைத் தானே போட்டுக்கொள்ளும் ஏற்பாடு.

இதற்கென்று ஒரு வசைச்சொல்லே இருக்கிறது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, சாலமாண்டர் என்ற நீர்ப்பல்லியைப் போல நெளிந்து கிடந்ததாம். ஆளுநரின் பெயரையும் பல்லியின் பெயரையும் ஒட்டி 'ஜெர்ரிமாண்டர்' என்றார்கள். ஒபாமாவின் தொகுதியைப் போல அதுவும் மாநில செனட் தொகுதிதான்.

இல்லினாய் மாநிலத்தின் நோய் முதலில் இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்கே 1901க்குப் பிறகு 1955 வரை சட்டமன்றத் தொகுதிகளை யாரும் தொடவே இல்லை. சிகாகோ பெருத்துக்கொண்டே போனது. கிராமப்புற உறுப்பினர்கள் தங்கள் இடங்களை விட்டுத்தர மறுத்தார்கள். பிறகு 1963இல் புதிய வரைபடத்தை ஆளுநர் ரத்துசெய்ய, அதற்காக அமைந்த குழுவும் முட்டிக்கொண்டு நிற்க, 1964 தேர்தலுக்குத் தொகுதிகளே இல்லாமல் போயின. கீழவையின் 177 உறுப்பினர்களையும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக நின்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டின் நீளம் கிட்டத்தட்ட 3 அடி. படுக்கை விரிப்பு என்று மக்கள் அதைக் கேலி செய்தார்கள். கட்சிக்கு 118 பேர் என நிறுத்தினார்கள். ஜனநாயகக் கட்சியின் 118 பேரும் ஜெயித்தார்கள், மீதி 59 இடம் குடியரசுக் கட்சிக்கு. இருநூற்றுச் சொச்சம் பெயர்களை வாக்காளர் எப்படிப் படித்துப் பார்ப்பார்? தெரிந்த குடும்பப் பெயரைத் தேடினார். ஒரு பக்கம் முன்னாள் ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சனின் மகன் முதலிடத்தில் வந்தார். மறுபக்கம் முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரின் தம்பி ஏர்ல்.

இந்த அவமானம் நினைவில் இருந்தபோதுதான் 1970இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். சட்டமன்றம் வரைபடத்தில் உடன்படாவிட்டால் இரு கட்சிக்கும் சமமாக 8 பேர் கொண்ட குழு. அதுவும் முட்டிக்கொண்டால் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு பெயர்களைத் தரும், கட்சிக்கு ஒன்றாக. திருவுளச்சீட்டில் வருகிறவர் ஒன்பதாவது உறுப்பினர். அவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கே முழு வரைபடமும். சட்டத்தை எழுதியவர்கள் இதை அச்சுறுத்தலாகத்தான் வைத்தார்கள்: எல்லாம் போய்விடுமே என்ற பயத்தில் இரு தரப்பும் சமரசத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டார்கள். அரசியல்வாதிகளின் சூதாட்ட ஆசையைக் கணக்கில் எடுக்கவில்லை. 1971இல் மட்டும் குழு உடன்பட்டது. 1981, 1991, 2001 என்று மூன்று முறையும் குலுக்கல்வரை போனார்கள். பாதி ராஜ்யம் நிச்சயம் என்பதைவிட முழு ராஜ்யம் கிடைக்கக்கூடும் என்பது அவர்களுக்கு இனித்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்த நமக்குக் குடவோலை நினைவுக்கு வரும். ஆனால் அங்கே குடும்பு என்னும் ஊர்ப்பிரிவுகள் முப்பதும் முன்பே தீர்மானமானவை. ஆளைத்தான் சீட்டு தேர்ந்தது. இல்லினாயில் சீட்டு தேர்ந்தது பிரிவுகளை வரையும் கையை.

1981இல் சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது, 1991இல் குடியரசுக் கட்சிக்கு. அந்த இரண்டாவது வரைபடத்தோடு நடந்த 1992 தேர்தலில் மாநில செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போய், பத்தாண்டு அங்கேயே தங்கியது. வரைபடம் சர்வவல்லமை கொண்டதல்ல என்பதற்கும் அதே மாநிலத்தில் சான்று கிடைக்கிறது. கீழவைத் தொகுதிகளையும் அதே கைகள்தான் வரைந்தன. ஆனாலும் மைக்கேல் மடிகன் தலைமையில் ஜனநாயகக் கட்சி அந்தப் பத்தாண்டில் இரண்டு ஆண்டு தவிர மீதிக் காலம் முழுக்கக் கீழவையைத் தன்வசம் வைத்திருந்தது. கோடு ஒரு கட்சிக்குச் சாதகமாகச் சரிவை ஏற்படுத்தித் தரும். சரிவில் எதிர்த்து ஏறுகிற கால்களும் உண்டு.

ஒபாமா நுழைந்தது செனட்டுக்குள், அதாவது சரிவின் கீழ்ப்பக்கம்.

நுழைந்த விதமே ஒரு பாடம். சிகாகோவின் தென்பகுதியில் 13ஆவது தொகுதியின் உறுப்பினர் ஆலிஸ் பால்மர், தேசிய நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கிளம்பினார். காலியாகும் இடத்துக்கு ஒபாமா தயாரானார். பால்மர் 1995 நவம்பரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் மகனிடம் தோற்று, பழைய இடத்துக்கே திரும்ப விரும்பினார். ஒபாமா வழிவிடவில்லை. வேட்புமனுவுக்கு 757 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஒபாமாவின் ஆட்கள் எதிராளிகளின் தாள்களை எடுத்து ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்த்தார்கள்: இவர் தொகுதியில் இல்லை, இவர் பதிவு செய்யாதவர், இது அச்செழுத்தில் எழுதியது. பால்மர் உட்பட நான்கு பேரும் களத்திலிருந்து விலக நேர்ந்தது. கட்சி ஆதரவாளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஒபாமா தனியாக நின்றார். சிகாகோவின் தென்பகுதியில் அதுதான் உண்மையான தேர்தல்; நவம்பரில் நடப்பது சம்பிரதாயம். நம்பிக்கை, மாற்றம் என்று பின்னாளில் பேசியவர் ஆரம்பத்தில் ஒரு நல்ல வக்கீல் குமாஸ்தாவைப் போல வேலை செய்தார் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. விதிகளைப் படிக்கத் தெரிந்தவர் என்பது பின்னால் வரப்போகும் கதைக்கு வேண்டியிருக்கிறது.

1997 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு போனபோது செனட் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பேட் ஃபிலிப். சிகாகோவின் மேற்குப் புறநகரான டுபேஜ் கவுண்டியின் குடியரசுக் கட்சிக்காரர். எந்த மசோதாவும் விதிகள் குழுவைத் தாண்டித்தான் அவைக்கு வர வேண்டும். அந்தக் குழு தலைவரின் சட்டைப்பையில். எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதா அங்கே போய்ப் படுத்தால் எழுந்திருக்காது. பரிசுப்பொருள் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல, இரு கட்சியும் சேர்ந்து செய்தவற்றில் ஒபாமாவுக்குப் பங்கு கிடைத்தது. மற்றபடி சீட்டாட்டம், கோல்ஃப், நீண்ட கார்ப் பயணம். இன்னும் எத்தனை ஆண்டு இப்படி என்ற சலிப்பில், 2000 மார்ச்சில் தன் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷையே எதிர்த்து முதல்நிலைத் தேர்தலில் நின்றார்.

அடி பலமாக விழுந்தது. ரஷ்ஷுக்கு 61 விழுக்காடு, ஒபாமாவுக்கு 30. கருஞ்சிறுத்தைகள் இயக்கத்திலிருந்து வந்தவர் ரஷ். ஹார்வர்டில் சட்டம் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த மனிதரைத் தென்பகுதிக் கறுப்பின வாக்காளர்கள் தங்களில் ஒருவராக அன்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தோல்வியின் கணக்கை விரித்துப் பார்த்தால் ஒன்று தெரிந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க்கில், படித்தவர்களும் வெவ்வேறு இனத்தவரும் கலந்து வாழும் அந்தப் பகுதியில், ஒபாமா ரஷ்ஷை முந்தியிருந்தார். அவருக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள். அவர் நின்ற தொகுதியில் போதுமான அளவு இல்லை.

அடுத்த வசந்தத்தில் மக்கள்தொகைக் கணக்கு வந்தது. இல்லினாயின் மக்கள்தொகை 1,24,19,293. செனட் இடங்கள் 59. ஆக ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 2,10,500 பேர். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநில அவைகள் இரண்டிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததிலிருந்து, இந்த எண்ணைத் தாண்டி அதிகம் ஆட முடியாது. எண் ஒன்றாக இருந்தால் போதும், வடிவம் எப்படியும் இருக்கலாம் என்பதில்தான் கலை இருக்கிறது.

கலையின் இலக்கணம் எளிது. எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவர்களை ஒரே பானைக்குள் திணித்துவிடு: அந்த ஒரு தொகுதியில் அவர்கள் 90 விழுக்காடு வாங்கி ஜெயிக்கட்டும், ஜெயிக்க 51 போதும், மீதி வீண். அல்லது நாலா பக்கமும் சிதறவிடு: எங்கேயும் ஜெயிக்க மாட்டார்கள். சிகாகோவின் கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறவர்கள். 1991 வரைபடம் அவர்களைப் பானைக்குள் திணித்தது என்பது அக்கட்சியின் நெடுநாள் புகார். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. திணித்த தொகுதியில் கறுப்பின உறுப்பினருக்கு இடம் நிச்சயம். கட்சி பெரும்பான்மை பெற வேண்டுமானால் அவர் தன் வாக்காளர்களில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தொகுதிக்கு விட்டுத்தர வேண்டும். தன் இடம் பத்திரமாக இருந்து கட்சி எதிர்வரிசையில் கிடப்பதா, தன் இடத்தைக் கொஞ்சம் ஆபத்துக்குள்ளாக்கி ஆளும் வரிசைக்குப் போவதா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டமன்றத்துக்கு அருகே ஸ்ட்ராட்டன் கட்டடத்தில், எல்லோரும் நுழைந்துவிட முடியாத ஓர் அறையில் ஜனநாயகக் கட்சியின் கணினிகள் இருந்தன. கட்சியின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் விரும்பும் தொகுதியை வரைந்து பார்த்தார்கள். ஒபாமாவும் வந்தார். உடன் இருந்தவர் கட்சியின் ஆலோசகர் ஜான் கோரிகன். 2008இல் நியூயார்க்கர் இதழில் ரையன் லிசா எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த அமர்வு பரவலாகத் தெரியவந்தது.

பழைய 13ஆவது தொகுதி ஹைட் பார்க்கிலிருந்து மேற்கே, எங்கிள்வுட் போன்ற வறிய கறுப்பினப் பகுதிகளுக்குள் ஓடியது. ஒபாமாவும் கோரிகனும் வரைந்தது ஹைட் பார்க்கை விடாமல் பிடித்துக்கொண்டு, மேற்கைக் கைவிட்டு, மிஷிகன் ஏரிக்கரையோரமாக வடக்கே ஏறியது. நகர மையமான லூப்பில் ஒரு பாதி, மிஷிகன் அவென்யூவின் கடைத்தெரு, அருங்காட்சியகங்கள், பூங்காக்கள், அதற்கும் மேலே கோல்ட் கோஸ்ட்டின் ஏரி பார்த்த அடுக்குமாடிகள். இறுதி வரைபடமும் அப்படியே அமைந்தது. கறுப்பினத்தவர் இன்னும் பெரும்பான்மை. சிகாகோவின் மிக வறிய சில பகுதிகளும் உள்ளே இருந்தன. ஆனால் தொகுதி முன்பைவிடப் பணம் மிகுந்தது, வெள்ளையர்களும் யூதர்களும் படித்தவர்களும் கூடியது. நகரத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அடர்ந்து வாழும் இடங்களில் ஒன்றும் அதற்குள் வந்தது.

தென்பகுதிக் கறுப்பின மக்கள், ஏரிக்கரையின் தாராளவாத வெள்ளையர்கள்: பாபி ரஷ்ஷிடம் தோற்றபோது ஒபாமாவிடம் இல்லாத கூட்டணி இதுவே. மாநிலம் முழுவதற்கும் போட்டியிட நினைப்பவருக்கு வேண்டிய கூட்டணியும் இதுவே. புதிய 13ஆவது தொகுதி அதற்கு ஒரு வெள்ளோட்டமாக அமைந்தது. அமெரிக்கத் தேர்தல் பணத்தில் ஓடுகிறது என்பதால் இன்னொன்றும் உண்டு: கோல்ட் கோஸ்ட்காரர்கள் காசோலை எழுதக்கூடியவர்கள். தன் மாநில செனட்டர் என்ற உரிமையில் அவர் இனி அவர்களுடைய வரவேற்பறைக்குப் போகலாம்.

இதெல்லாம் செப்டம்பரில் சீட்டு வேறு விதமாக விழுந்திருந்தால் கணினியில் கிடக்கும் கோடுகளாக முடிந்திருக்கும்.

2002 நவம்பரில் ஒபாமா போட்டியின்றி ஜெயித்தார். அதைவிட முக்கியமாக, செனட் 32, 26, ஒரு சுயேச்சை என்று ஜனநாயகக் கட்சியிடம் வந்தது. தொகுதிக் கோடு மட்டும் இதைச் செய்யவில்லை. குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் ரையனின் ஊழல் விவகாரம் அந்த ஆண்டு அவருடைய கட்சியை மாநிலம் முழுக்க இழுத்துக்கொண்டு கீழே போனது. 26 ஆண்டுக்குப் பிறகு ஆளுநர் பதவியும் கைமாறியது.

புதிய செனட் தலைவர் எமில் ஜோன்ஸ், ஒரு காலத்தில் சிகாகோ மாநகராட்சியின் சாக்கடை ஆய்வாளர், தென்பகுதிக்காரர், ஒபாமாவுக்கு வழிகாட்டி. இப்போது விதிகள் குழு அவருடைய சட்டைப்பையில். ஒபாமா சுகாதார, மனிதநலக் குழுவின் தலைவரானார். ஆறு ஆண்டு படுத்துக்கிடந்த மசோதாக்கள் எழுந்து நடக்கத் தொடங்கின. அவற்றில் நின்று பேச வேண்டியது ஒன்று. கொலை வழக்குகளில் சந்தேக நபர்களைக் காவல் நிலையத்தில் விசாரிப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம். இல்லினாயில் மரண தண்டனை பெற்ற 13 பேர் நிரபராதிகள் என்று தெரியவந்ததால் 2000இல் ஆளுநர் ரையன் தண்டனைகளை நிறுத்திவைத்திருந்தார். அடித்து வாங்கிய வாக்குமூலங்கள் சிகாகோவின் நெடுநாள் ரணம். காவல் துறை எதிர்த்தது, புதிய ஆளுநரும் முதலில் தயங்கினார். ஒபாமா இரு பக்கமும் உட்கார்ந்து பேசி, சொற்களை மாற்றி, மசோதாவை செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றினார். சட்டமன்றமே இப்படியொரு சட்டத்தை இயற்றிய முதல் அமெரிக்க மாநிலம் இல்லினாய். வாகன ஓட்டிகளைப் போலீஸ் நிறுத்தும்போது அவர்களின் இனத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்ற சட்டமும் அதே 2003இல் வந்தது.

இந்தத் திறமை முந்தைய ஆறு ஆண்டிலும் அதே மனிதரிடம் இருந்ததுதானே? சட்டமன்ற உறுப்பினரின் செயல்பாட்டை எண்ணிக் காட்டும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். இத்தனை மசோதா, இத்தனை சட்டம் என்று ஆளுக்கு மதிப்பெண் போடுகிறோம். அவர் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

2004 மார்ச்சில் அமெரிக்க செனட்டுக்கான முதல்நிலைத் தேர்தலில் ஏழு பேருக்கு நடுவே ஒபாமா 53 விழுக்காடு வாங்கினார். நவம்பரில் 70. இந்த வெற்றிகளுக்கு எந்த வரைபடமும் பொறுப்பில்லை. மாநிலத்தின் எல்லையை யாரும் மாற்றி வரைவதில்லை. பெரும் பணக்காரப் போட்டியாளர் பிளேர் ஹல் விவாகரத்து ஆவணங்களால் சரிந்தார். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜாக் ரையனும் அதே மாதிரி விவகாரத்தில் விலகினார். அதிர்ஷ்டம் பல வாசல் வழியாக வந்தது. ஆனால் குழுத் தலைவர் பதவியும் சட்டங்களும் ஏரிக்கரைத் தொடர்புகளும் இல்லாத ஒபாமா, 2000இல் தோற்ற அதே ஒபாமாவாக அந்த வாசலில் நின்றிருப்பார்.

கோட்டுக்கு உள்ளே வைக்கப்பட்டவரின் கதை இது. வெளியே தள்ளப்பட்டவர் ஒருவரும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில், 2000ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றத்துக்கான முதல்நிலைத் தேர்தலில் இளம் வக்கீல் ஹகீம் ஜெஃப்ரீஸ், நெடுநாள் உறுப்பினர் ரோஜர் கிரீனை எதிர்த்து நின்று ஏறக்குறைய 41 விழுக்காடு வாங்கினார். 2002 மறுவரையறை முடிந்தபோது ஜெஃப்ரீஸின் வீடு தொகுதிக்கு ஒரு தெருத்தொகுப்பு வெளியே கிடந்தது. மறுவரையறையை அடுத்து வரும் தேர்தலில் மட்டும் அதே கவுண்டிக்குள் எங்கும் நிற்கலாம் என்று நியூயார்க் அரசியல் சட்டம் சலுகை தருகிறது. அவர் நின்றார், மறுபடியும் தோற்றார். கிரீன் அந்த இடத்தை விட்டுப் போன 2006இல்தான் உள்ளே போக முடிந்தது. இன்று அவர் தேசிய பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். ஆறு ஆண்டு தாமதம் அவரை முடித்துவிடவில்லை. அதே காலத்தில் ஒரு தெருவுக்கு வெளியே விழுந்து, பிறகு அரசியல் பக்கமே திரும்பாதவர்களின் பெயர் நமக்குத் தெரிய வழியில்லை.

ஒபாமா பின்னாளில் இந்த வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். 2016 பிப்ரவரியில் அதே ஸ்பிரிங்ஃபீல்டு சட்டமன்றத்தில் ஜனாதிபதியாக நின்று, அரசியல்வாதிகள் தங்கள் வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கும் நிலை முடிய வேண்டும் என்றார். ஆறு மாதம் கழித்து, வரையும் அதிகாரத்தைச் சுயேச்சைக் குழுவிடம் தர வாக்கெடுப்பு கோரிய மனுவை இல்லினாய் உச்ச நீதிமன்றம் 4–3 என்று நிராகரித்தது. நீதிபதிகள் கட்சிவாரியாகப் பிரிந்திருந்தார்கள். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி லாபத்துக்காகக் கோடு வரைவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிடும் விஷயமல்ல என்று 5–4இல் கைகழுவியது. 2025இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சி பத்தாண்டு முடியும் முன்பே நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றி வரைந்தபோது, பதிலடியாகக் கலிஃபோர்னியாவில் தன் கட்சி சுயேச்சைக் குழுவின் வரைபடத்தை ஒதுக்கி வைத்ததை ஒபாமா ஆதரித்துப் பிரசாரம் செய்தார். முரண் என்று எதிராளிகள் சொன்னார்கள். ஸ்ட்ராட்டன் கட்டடத்து அறையை அறிந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இருந்திராது.

13ஆவது தொகுதியில் ஒபாமாவுக்குப் பின் வந்தவர் குவாமே ராவுல். அவரும் அங்கிருந்து மேலேறி 2019இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஆனார். லிங்கன் தொப்பிக்கு 2001க்குப் பிறகு வேலை வரவில்லை. 2011இலும் 2021இலும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் ஜனநாயகக் கட்சியிடமே இருந்தன. முட்டிக்கொள்ள எதிரே ஆள் இல்லாததால், வரைபடங்கள் குலுக்கல் வரை போகாமலே சட்டமாயின.